லாரியின் ஆணியும் தொழிலாளியின் உயிரும்

தோட்டத்து லாரியைப் பற்றித் தலையங்கம் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். சம்பளம், வீடு, போனஸ், வேலை நிரந்தரம் ஆகியவை அன்றோ சங்கத்தின் பிரச்சினைகள். பழைய லாரியின் அடியில் ஒரு போல்ட் முறிந்தால் அது பட்டறைக்காரர் பார்க்க வேண்டிய காரியம் அல்லவா என்று அவர்கள் எண்ணக்கூடும். நாம் அப்படி எண்ணவில்லை. அந்த லாரியை ஓட்டுகிறவர் தொழிலாளி. அதில் பாலையும் கட்டிப்பாலையும் ஏற்றி இறக்குகிறவர் தொழிலாளி. அது தடம் புரண்டால் அதன் அடியில் அகப்படுகிறவரும் பெரும்பாலும் தொழிலாளியே. ஆகவே அந்தப் போல்ட் சங்கத்தின் காரியமே என்பது நம் கருத்து.

பினாங்கு மாநிலத்தில் ரப்பரின் நிலை யாவரும் அறிந்ததே. ஒரு காலத்தில் செபராங் பிறையின் தென்கோடியிலிருந்து வடகோடி வரை வரிசையாக நின்ற பால் மரங்கள் செம்பனைக்கும் வீட்டு மனைக்கும் தொழிற்சாலைக்கும் இடம் விட்டு ஒதுங்கிவிட்டன. பத்து காவானில் தோட்டம் இருந்த மண்ணில் இன்று தொழிற்பேட்டை நிற்கிறது. 2014-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இரண்டாவது பாலம் அங்கேதான் கரை ஏறுகிறது. எஞ்சியிருக்கும் தோட்டங்களிலும் சிறு தோட்டங்களிலும் வேலை நடக்கத்தான் செய்கிறது. ஆனால் நாளைக்கு நிலம் கைமாறுமோ என்ற நிலையில் இருக்கும் முதலாளி புது லாரி வாங்கத் தயங்குகிறார். பழைய லாரியே மேலும் மேலும் ஓடுகிறது. பழைய லாரி ஓடுவது குற்றமல்ல. பழைய லாரியைப் புது லாரியைப்போல் எண்ணிக்கொண்டு, கவனிக்காமல் ஓட்டுவதுதான் குற்றம்.

விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டால்தான் நியாயம் பேச முடியும். லாரியின் அடியில் குனிந்து பார்த்தவர்களுக்கு, வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது தெரியும். இதுவே ஸ்பிரிங் பட்டை. பட்டைகளின் நடுவே துளையிட்டு ஒரு போல்ட் போட்டிருப்பார்கள். பட்டறையில் இதற்குச் சென்டர் போல்ட் என்று பெயர். இதன் தலை, அச்சின் மீதுள்ள குழியில் போய் உட்கார்ந்து, அச்சு முன்னும் பின்னும் நகராதபடி அதன் இடத்தைக் காட்டுகிறது. பட்டை அடுக்கையும் அச்சையும் சேர்த்து இறுக்கிக் கட்டுவது வேறு போல்ட். அது லாடம்போல் வளைந்திருப்பதால் அதை யூ போல்ட் என்கிறார்கள். ஒரு பக்கத்துக்கு வழக்கமாக இரண்டு யூ போல்ட்டும் நான்கு நட்டும் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. பாரத்தைத் தாங்கி அச்சைப் பிடித்து நிற்பது யூ போல்ட்டின் இறுக்கம். சென்டர் போல்ட் இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே. யூ போல்ட்டின் நட்டு தளர்ந்துவிட்டால், பிரேக் பிடிக்கும்போதும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் வருகிற இழுப்பு முழுவதும் அந்த மெல்லிய சென்டர் போல்ட்டின் மேல் விழுகிறது. அது அந்த வேலைக்குச் செய்யப்பட்டதல்ல. சில காலம் தாங்கும்; பிறகு முறியும். ஆகவே சென்டர் போல்ட் முறிந்த லாரியைக் கண்டால், புதுப் போல்ட் ஒன்றைச் செருகிவிட்டால் போதும் என்று எண்ணுவது தவறு. யூ போல்ட் ஏன் தளர்ந்தது, எத்தனை நாளாகத் தளர்ந்திருந்தது என்பதே முதல் கேள்வி.

அச்சு இடம் பெயர்ந்தால் என்ன ஆகும்? பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் தடத்தில் ஓடாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும். வண்டி நண்டு நடை நடக்கும். ஸ்டியரிங் ஒரு பக்கமே இழுக்கும். பிரேக் குழாய் இழுபட்டு அறுந்துபோகவும் கூடும். பாலிக் பூலாவுக்கு மலையேறிச் செல்லும் துன் சார்டோன் சாலையைப்போன்ற வளைவுகளில் இப்படி ஒரு வண்டி பாரத்தோடு இறங்கினால் விளைவு என்னவாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

போல்ட் ஏன் முறிகிறது? தோட்டத்துக்கே உரிய காரணங்கள் உண்டு. முதலாவது, பாதை. வெட்டுக்காட்டுக்குள் போகும் மண் சாலையில் மழைக்காலத்தில் வண்டி குதித்துக் குதித்துத்தான் போகும். ஒவ்வொரு குதிப்பும் இரும்புக்கு ஓர் அடி. இரண்டாவது, பாரம். அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிவிட்டு, ஒரு நடை மிச்சமாயிற்று என்று கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மயிலிறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு ஒடியும் என்று வள்ளுவர் கண்ட உண்மை, கட்டிப்பால் ஏற்றிய லாரிக்கும் பொருந்தும். மூன்றாவது காரணம் வெளியார் அதிகம் அறியாதது. கட்டிப்பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் சேர்க்கிறோம். லாரியில் ஏற்றிய பிறகும் அதிலிருந்து புளித்த நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். அந்த நீர் பலகைச் சந்து வழியாக இறங்கிச் சட்டத்திலும் பட்டையிலும் போல்ட்டிலும் படிகிறது. அமில நீர் இரும்பை அரிக்கும். மற்ற லாரியின் போல்ட்டைவிட ரப்பர் லாரியின் போல்ட் சீக்கிரம் கெடுவதில் வியப்பில்லை. நடை முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது செலவில்லாத வைத்தியம். எத்தனை இடங்களில் அது நடக்கிறது?

“போல்ட் திடீரென்று முறிந்துவிட்டது, யார் என்ன செய்ய முடியும்?” என்று விபத்துக்குப் பிறகு நிர்வாகம் கைவிரிப்பதை நாம் பல முறை கேட்டிருக்கிறோம். முறிந்த போல்ட்டே இதற்குப் பதில் சொல்லும். அதன் முறிந்த முகத்தைத் துடைத்துப் பாருங்கள். ஒரு பகுதி வழவழப்பாகவும், கறுத்து அல்லது துருவேறியும், கரையில் அலை விட்டுச் சென்ற கோடுகளைப்போல் வரிவரியாகவும் இருந்தால், அந்த வெடிப்பு நெடுநாட்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்தது என்று பொருள். மற்றப் பகுதி சொரசொரப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். கடைசி நாளில் முறிந்தது அந்தப் பகுதி மட்டுமே. வழவழப்பான பகுதி பெரிதாக இருக்குமானால், “திடீரென்று” என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆகையால் டிரைவர்களுக்கும் பட்டறைத் தோழர்களுக்கும் நாம் சொல்வது இது: முறிந்த போல்ட்டைப் பழைய இரும்பில் எறியாதீர்கள். வண்டி எண்ணும் தேதியும் எழுதிக் கட்டி, பத்திரமாக வையுங்கள். அது சாட்சி.

போல்ட் முறிந்த பிறகு செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும் உண்டு. வழியில் முறிந்தது தெரிந்தால் சமதரையில் வண்டியை நிறுத்தி, ஆட்களை இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். கயிற்றாலும் கம்பியாலும் கட்டிக்கொண்டு “எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்ப்போம்” என்பது வீரமல்ல. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகக் கூடாது. சட்டத்துக்குத் தாங்கல் கொடுத்த பிறகே கை வைக்க வேண்டும். முறிந்த போல்ட்டை வெல்டிங் வைத்து ஒட்டவே கூடாது. அந்த எஃகு பதம் வைத்துச் செய்யப்பட்டது. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுத்துவிடும். பார்வைக்கு முழுசாகத் தெரிவது, பாரம் விழுந்ததும் பக்கத்திலேயே முறியும்.

கடையில் கிடைத்த ஏதோ ஒரு போல்ட்டைப் போடுவதும் அதே தவறுதான். போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ எண் பொறித்திருப்பதைக் காணலாம். அது வெறும் அடையாளமல்ல, பலத்தின் அளவு. 8.8 என்றால் அந்த எஃகு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுப்பு வரை அறாமல் தாங்கும். அதில் பத்தில் எட்டுப் பங்கு வரை நிலையாக நீளாமல் நிற்கும் என்பது கணக்கு. 10.9 என்றால் இழுப்பு 1,000 நியூட்டன், பத்தில் ஒன்பது பங்கு. தயாரிப்பாளர் 10.9 கேட்ட இடத்தில் எண்ணே இல்லாத போல்ட்டைப் போட்டால், சில வெள்ளி மிச்சமாகும், உயிர் மிச்சமாகுமா? ஒன்று முறிந்தால் அதன் துணைப் போல்ட்டுகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். முறிந்ததன் பாரத்தையும் அவைதானே சுமந்திருக்கின்றன? கழற்றிய யூ போல்ட்டை மறுபடி பூட்டக் கூடாது. அச்சின் குழி நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறுக்கத்தை அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்கி, கொஞ்ச தூரம் ஓடியபின் பாரத்தோடு மறுபடி சோதிக்க வேண்டும். புதுப் பட்டையும் போல்ட்டும் முதல் ஓட்டத்தில் படிந்து இடம் கொடுக்கும். அந்த இரண்டாவது இறுக்கலை விட்டுவிடுவதால்தான் பல பழுதுகள் திரும்பி வருகின்றன.

இவ்வளவும் சின்ன ஆணிக்காகவா என்று கேட்பவர்களுக்கு உலகம் கண்ட உதாரணங்கள் உண்டு. 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் அமெரிக்காவில் ஒஹாயோ நதியின் மேலிருந்த சில்வர் பாலம், மாலை நேர நெரிசலில் இடிந்து விழுந்து 46 பேர் மாண்டனர். தாங்கு சங்கிலியின் ஒரே ஓர் இரும்புக் கண்ணியில் இருந்த மிகச் சிறிய வெடிப்பே காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அந்நாடு முழுவதும் பாலங்களைக் குறித்த காலத்தில் சோதிக்கும் விதி வந்தது. நம் பினாங்கிலேயே 1988-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள், பட்டர்வொர்த்தில் சுல்தான் அப்துல் ஹாலிம் படகுத் துறை, தாங்க முடியாத கூட்டத்தின் பாரத்தால் இடிந்து 32 பேர் இறந்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரும்புக்கும் மரத்துக்கும் இரக்கம் கிடையாது. அளவு மீறினால் அவை மன்னிப்பதில்லை.

அண்மையில் நடந்ததைச் சொல்வோம். 2025-ஆம் ஆண்டு மே 13-ஆம் நாள் பேராக் மாநிலத்தில் தெலுக் இந்தான் அருகே, கல் ஏற்றிவந்த லாரி ஒன்று போலீஸ் கலகத் தடுப்புப் படையினரின் வண்டியில் மோதி, ஒன்பது வீரர்கள் உயிரிழந்தனர். சில நாட்களுக்குள் லாரி டிரைவர் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். அதன் பிறகு வந்த விசாரணை, லாரி அளவுக்கு மீறிய பாரத்தோடு ஓடியதையும், அதன் ஸ்டியரிங் பாகம் செயலிழந்ததையும் சுட்டிக்காட்டியது. இறந்தவர்களின் குடும்பத்தாரின் துயரத்தில் நாமும் பங்கு கொள்கிறோம். தவறு செய்த டிரைவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதும் நம் வாதமல்ல. ஆனால் முதலில் நீதிமன்றப் படி ஏறுகிறவர் யார் என்பதைக் கவனியுங்கள். பாரம் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவு செய்தவரும், பழுதுக்குப் பணம் ஒதுக்காதவரும் அலுவலகத்தில் இருப்பார்கள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் மட்டும் கூண்டில் நிற்பார். இது எங்கும் காணும் வழக்கம்.

ஆகவே டிரைவர் தோழர் ஒருவர் காலையில் வண்டியைப் பார்த்து, “யூ போல்ட் தளர்ந்திருக்கிறது, எடுக்க முடியாது ஐயா” என்று சொன்னால், “ஏம்பா, ஒரு நட்டுக்காக வண்டியை நிறுத்துவதா? இன்றைக்கு மட்டும் ஓட்டிவிடு” என்று பதில் வரும்போது, சட்டம் யார் பக்கம் நிற்கிறது என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், இயந்திரங்களையும் வண்டிகளையும் ஆபத்தில்லாத நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளியின் மேல் சுமத்துகிறது. 2022-இல் திருத்தப்பட்டு 2024-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் நாள் நடப்புக்கு வந்த பின், அதன் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்துவிட்டது. அதே திருத்தத்தில் 26A என்ற புதுப் பிரிவு சேர்ந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்பத் தக்க நியாயம் இருந்து, முதலாளி அதை நீக்காமல் இருந்தால், தொழிலாளி அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ளலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அது கூறுகிறது. புகார் சொன்னதற்காக வேலையை விட்டு நீக்குவதையும் சட்டம் தடுக்கிறது. இது யாரும் போட்ட பிச்சையல்ல; உரிமை. உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது ஏட்டில் கிடக்கும்.

நிர்வாகத்தின் வாதத்தையும் நாம் கேட்காமல் விடவில்லை. பால் காத்திருக்காது என்கிறார்கள். உண்மைதான். விடியலில் வெட்டி, முற்பகலில் சேர்த்த பால், மருந்து சேர்க்காவிட்டால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும். ஆனால் அம்மோனியா சேர்த்தால் பால் நிற்கும். அதுவும் முடியாவிட்டால் அங்கேயே உறையவைத்துக் கட்டிப்பாலாக விற்கலாம். விலை குறையும்; பொருள் அழியாது. பாலுக்கு மாற்று வழி இருக்கிறது, மனிதனுக்கு இல்லை. சின்னத் தோட்டக்காரரும் குத்தகைக்காரரும், “எங்களிடம் ஒரே ஒரு லாரிதான்” என்கிறார்கள். அவர்களின் சிரமத்தை நாம் மறுக்கவில்லை. ஒரே லாரி உள்ளவர்தான் அதை அதிகமாகப் பேண வேண்டும் என்பதே நம் பதில். “ஆறு மாதத்துக்கு ஒரு முறை வண்டி சோதனைக்குப் போய் வருகிறதே” என்பது இன்னொரு வாதம். சோதனை நாளில் வண்டி சரியாக இருந்தது என்பதற்கே அது அத்தாட்சி. மற்ற நாட்களுக்கு யார் அத்தாட்சி?

இங்கே கிராணிமாருக்கு நாம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். டிரைவர் வாயால் சொன்னது காற்றில் போய்விடும். எழுதி வைத்தது நிற்கும். பழுதுப் புத்தகம் ஒன்று ஆபீசில் இருக்கட்டும். வண்டி எண், தேதி, டிரைவர் சொன்ன குறை, அது மேலாளருக்குத் தெரிவிக்கப்பட்ட நேரம், பழுது பார்த்தது யார், போட்ட போல்ட்டின் எண் ஆகிய ஆறு விவரம் போதும். எழுதிய பக்கத்தைக் கிழிக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கிராணியின் பேனா, நாளை டிரைவரை மட்டுமல்ல, நேர்மையான மேலாளரையும் காப்பாற்றும். விபத்து நடந்துவிட்டால் பெர்க்கேசோ உதவிக்கு மனுச் செய்யும்போதும் அந்தப் பக்கமே முதல் ஆதாரம். வேலையில் இருக்கும்போது நடந்த விபத்துக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் வேலைக்கும் இடையே போக வர நடந்த விபத்துக்கும் 1969-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் உதவி அளிக்கிறது. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. அவர்கள் மொழி வேறாக இருக்கலாம். ஏறுவது அதே லாரிதான். அவர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

பால் வெட்டும் தோழர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. வண்டி நின்றுவிட்டதென்று டிரைவரைக் கோபிக்காதீர்கள். வீட்டுக்குப் போக ஒரு மணி தாமதமாகலாம். வீட்டுக்கே போகாமல் இருப்பதைவிட அது மேல். உங்கள் பாலை லாரி வருமுன்பே ஸ்டோரில் நிறுத்து எழுதச் சொல்லுங்கள். நிறுத்து எழுதிய பிறகு லாரி தாமதத்தால் வரும் நட்டம் உங்கள் தலையில் விழ நியாயமில்லை.

நாம் கேட்பது அதிகமல்ல. பழுதென்று டிரைவர் எழுத்தில் கொடுத்த வண்டியை, பழுது பார்க்காமல் வெளியே எடுக்கக் கூடாது. அப்படி நின்ற நாளுக்கு டிரைவருக்கும் உதவியாளுக்கும் சம்பளம் குறையக் கூடாது. சம்பளம் போகும் என்ற பயம் இருக்கும்வரை சட்டப் பிரிவு எத்தனை இருந்தும் பயனில்லை. பால் வெட்டுவோரின் எடைக் கணக்கில் லாரி தாமதத்துக்காகக் கை வைக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள், பாரம் ஏற்றுமுன், பட்டையும் போல்ட்டும் பார்க்க அரை மணி நேரம் வேலை நேரத்திலேயே ஒதுக்க வேண்டும். நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் பாதுகாப்புக் குழு அமைப்பது சட்டம். அந்தக் குழுவில் ஒரு டிரைவரும் இருக்க வேண்டும், குழு கூடும்போது பழுதுப் புத்தகம் மேசை மேல் இருக்க வேண்டும்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் மொழி. தேருக்கு அச்சாணி எப்படியோ அப்படியே தோட்டத்துக்கு உழைப்பாளி. ஆணி தேய்ந்தால் மாற்றுப் போல்ட் கடையில் கிடைக்கும். உழைப்பாளியின் உயிருக்கு மாற்று எந்தக் கடையிலும் இல்லை. இந்த வாரமே ஒவ்வொரு தோட்டக் கிளையிலும் செயலாளரும் டிரைவரும் கிராணியும் ஒன்றாக உட்கார்ந்து, முதல் பழுதுப் புத்தகத்தைத் தொடங்கட்டும். அதன் முதல் பக்கத்தில் எழுத ஏதாவது குறை இருக்குமா என்று கேட்பவர்கள், லாரியின் அடியில் ஒரு முறை குனிந்து பார்க்கட்டும்.